பழைய பிக்கப்பை ஓட வைக்க: கரிசல்காட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது. வந்த வேகத்தில் 'குட்டி யானை' என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. அதற்கு முன்னால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சில்லறைச் சரக்கு ஏற்ற மாட்டுவண்டி, டிராக்டர் டிரெய்லர், இவற்றை விட்டால் பின்னால் தொட்டி கட்டிய ஜீப் போன்ற பிக்கப்புகள்தான். விடியுமுன் மல்லிகை மூட்டையை மதுரைக்குக் கொண்டுபோனதும், சீமைக்கருவேலங்கரியை ஏற்றியதும், மிளகாய் வற்றலைக் கமிஷன் கடைக்குச் சேர்த்ததும் இந்த வண்டிகள்தான். களத்து ஓரமாகவோ வேப்பமரத்தடியிலோ, டயர் மண்ணில் புதைந்து, கேபினுக்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டு நிற்கிற ஒரு பிக்கப்பை எழுப்பி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்காக எழுதியது இது.

ஸ்பேனரை எடுக்குமுன் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். இந்த வண்டி இதுவரை என்ன சுமந்தது? இனி என்ன சுமக்கப்போகிறது? துரு எங்கே இருக்கும் என்பதை முதல் பதில் சொல்லும். எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை இரண்டாவது சொல்லும்.

படி 1: எந்த வண்டி

நம் பக்கம் கிடைக்கக்கூடியவை சில குடும்பங்கள்தாம். மஹிந்திரா கம்பெனி 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கி, பிறகு அதே சேசிஸ் குடும்பத்திலிருந்து பிக்கப்புகளையும் இறக்கியது. முந்தையவற்றில் 2,199 சிசி 'ஹரிகேன்' பெட்ரோல் எஞ்சின் இருக்கும். 1980-களிலிருந்து வந்த பலவற்றில் 2,112 சிசி பெஜோ டீசல். அடுத்தது பஜாஜ் டெம்போவின் மேட்டடார். அதன்பின் 1988-இல் வந்த டாடாமொபைல் 206, அதைத் தொடர்ந்த 207. 1986-இல் வந்த டாடா 407-ஐயும் சிலர் பழைய வண்டிக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் முதன்முறை கை வைப்பவருக்கு அது பெரிய வண்டி. வீட்டு வாசலில் வைத்துக் கழற்ற முடியாது.

என்னைக் கேட்டால் தொடங்குவதற்கு ஜீப் பிக்கப்தான் சரி. ஏணி போன்ற நேரான சேசிஸ், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், போல்ட் போட்டு உட்கார வைத்த பாடி. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. அதைவிடப் பெரிய காரணம், ஒரே மாதிரி உறுப்புகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்ததால் கடையில் இன்னும் சாமான் கிடைக்கிறது. ஸ்டார்ட்டரும் டைனமோவும் லூகாஸ் டி.வி.எஸ்., டீசல் பம்பு மைக்கோ, பிஸ்டன் இந்தியா பிஸ்டன்ஸ் என்று பாதி வண்டி சென்னையிலும் பெங்களூரிலும் பிறந்ததுதான். மதுரையில் கிடைக்காததைக் கோவை உக்கடத்திலும், அங்கும் இல்லாததைச் சென்னை புதுப்பேட்டையிலும் தேடலாம்.

மேட்டடாரின் தகரத்துக்கு மாற்று கிடைப்பது கஷ்டம். அதன் மேல் தனிப் பிரியம் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

படி 2: வாங்கப் போகும்போது

முதலில் காகிதம். ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே பதிந்து வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இதைத்தான் கேட்பார்கள். துருவில் எண் அழிந்திருந்தாலோ, மேலே வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

விருதுநகர் மாவட்டம் பிரிந்ததே 1985-இல். அதற்கு முந்தைய வண்டியின் புத்தகத்தில் முகவரி ராமநாதபுரம் மாவட்டம் என்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண்ணைப் பார்த்தும் தயங்க வேண்டாம். டி.என். 67 போன்ற இன்றைய முறை 1989-க்குப் பிறகு வந்தது. பழைய பேரேட்டில் இருந்து கணினிக்கு ஏறாத வண்டிகளும் உண்டு. அப்படி இருந்தால், பதிவை ஏற்றிக்கொடுக்கும் பொறுப்பை விற்பவர் தலையில் வைத்துவிட்டு, அது முடிந்தபின் பணம் கொடுங்கள். படிவம் 29, 30 பெயர் மாற்றத்துக்கு. வேறு அலுவலக எல்லையிலிருந்து வந்தால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28. எப்போதோ அடைத்த பைனான்ஸ் புத்தகத்தில் நிற்கிறது என்றால் படிவம் 35. பைனான்ஸ் கம்பெனியே மூடிப்போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு அலைவது எஞ்சின் வேலையை விடப் பெரிய வேலையாகிவிடும்.

அடுத்து, சுமந்த சரக்கு. விற்பவர் "அண்ணாச்சி, எஞ்சின ஒரு தடவகூட இறக்கல" என்று ஆரம்பிப்பார். அவரை எஞ்சினிலிருந்து மெல்ல நகர்த்தி, எந்த ஊருக்கு என்ன லோடு அடித்தது என்று பேச்சுக் கொடுங்கள். தூத்துக்குடி உப்போ மீனோ ஏற்றிய வண்டி என்றால் சேசிஸின் உள்பக்கம் போயிருக்கும், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். உர மூட்டை ஏற்றியதும் கிட்டத்தட்ட அதே கதை. ஆட்டுச் சந்தைக்குப் போன வண்டியில் மூத்திரம் இறங்கித் தொட்டியின் தரையும் குறுக்குச் சட்டங்களும் அரித்திருக்கும். பூ வண்டியில் ஈரச் சாக்கு கிடந்த இடமெல்லாம் ஓட்டை. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றியது என்றால் துருவை விட விரிசலைத் தேடுங்கள். பாரம் தாங்காமல் ஸ்பிரிங் தொங்கல்கள் பிடித்திருக்கும் இடத்தில் சேசிஸ் கீறியிருக்கும். கரி ஏற்றிய வண்டி அழுக்காக இருக்கும், பார்க்கவே பிடிக்காது. ஆனால் உப்பு வண்டிக்கும் கரி வண்டிக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கரி வண்டியை எடுக்கலாம்.

வறண்ட நாடு என்பதால் நம் வண்டிகள் கடற்கரை வண்டிகளை விட நல்ல தகரத்தோடு இருக்கும். ஆனால் கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழையில் சேறாகி சேசிஸின் மடிப்புகளுக்குள் ஏறி அப்பிக்கொண்டால், மேலே காய்ந்து கல்லாகத் தெரியும், உள்ளே வாரக்கணக்கில் ஈரம் வைத்திருக்கும். அதனால் ஒரு திருப்புளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுங்கள். மண் அப்பிய இடத்தைச் சுரண்டிவிட்டுத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும், சில இடத்தில் திருப்புளியே உள்ளே போகும். பாடி உட்காரும் இடங்கள், பேட்டரிப் பெட்டிக்குக் கீழே, ஸ்பிரிங் தொங்கல், இவை மூன்றையும் விடாதீர்கள். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைக் கதவிலும் மட்கார்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது.

படி 3: மீட்பதா, மாற்றுவதா

இந்த முடிவைச் சட்டமே உங்களிடம் கேட்கிறது, அதனால் தள்ளிப்போட முடியாது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம்.

ஆகவே மல்லிகை ஏற்றவோ, தோட்டத்துக்குத் தண்ணீர் டிரம் கொண்டுபோகவோ நினைப்பவருக்கு அந்தப் பதிவு ஆகாது. நம் பக்கத்து வண்டிகளில் பாதிக்கு 50 வயதும் ஆகியிருக்காது. அவர்களுக்கு வழக்கமான பதிவுதான். சரக்கு வண்டி என்றால் மஞ்சள் எண்பலகை, எட்டு ஆண்டு தாண்டியதால் வருடா வருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, பசுமை வரி. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை என்பது ஒரு ஆறுதல். வயது கூடக்கூட எஃப்.சி. கட்டணமும் கூடும். ஆகவே அன்றைய தொகையை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எந்தப் பதிவானாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நடுவில் நிற்கும். தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஜீப் சேசிஸில் ஜப்பான் எஞ்சினை இறக்குவது, சேசிஸை வெட்டி நீட்டுவது எல்லாம் யூடியூபில் பார்க்க அழகாக இருக்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அதைத்தான்.

படி 4: கழற்றுவது

அவசரப்படாதீர்கள். முதல் போல்ட்டைத் தொடுமுன் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றக் கழற்ற எடுத்துக்கொண்டே போங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே 'ரேடியேட்டர்', 'முன் இடது கதவு' என்று எழுதி ஒட்டுங்கள். ஒயர் முனைகளில் துணி பிளாஸ்திரி சுற்றிப் பேனாவால் எண் போடுங்கள். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது ஞாபகம் கைகொடுக்காது.

இறுகிய போல்ட்டுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் கேஸ் நெருப்பில் நட்டை மட்டும் சூடாக்கி, ஆறும்போது திருப்புங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருந்தால் நெருப்பே கூடாது. காலியான டேங்க் என்று நினைத்து வெல்டிங் வைப்பது நிறைந்த டேங்கை விட ஆபத்து. உள்ளே மிஞ்சுகிற ஆவிதான் வெடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சேசிஸுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டோ கனத்த மரக்கட்டையோ கொடுத்து, வண்டியை ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். கரிசல் தரையில் ஜாக்கி சாயும், கீழே பலகை போடுங்கள்.

படி 5: சேசிஸ்

பாடியை இறக்கியபின் சேசிஸை மூலைக்கு மூலை நூல் பிடித்து அளக்கவும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தால் அது பிரஸ் உள்ள பட்டறையின் வேலை, வீட்டில் முடியாது.

அரித்த இடத்தில் மேலே ஒரு தகடு வைத்து மூடுவது நம் ஊர்ப் பழக்கம். மூடிய தகட்டுக்குள் துரு தொடர்ந்து தின்னும். அரித்ததை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத் தகட்டைப் பொருத்த வேண்டும். வலுவுக்கு ஒட்டுத் தகடு வைப்பதானால் அதைச் சாய்சதுரமாக வெட்டுங்கள். நேர் விளிம்புள்ள தகடு வைத்தால் அந்த விளிம்பின் ஓரமாகவே அடுத்த விரிசல் விடும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளுக்குக் குறுக்காக வெல்டிங் ஓட்டாதீர்கள். பிறகு மணல் வீச்சோ கம்பி பிரஷோ வைத்துச் சுத்தம் செய்து, எப்பாக்சி பிரைமர் அடியுங்கள். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு நிறுத்தினால் மழைக்காலம் தாண்டாது. மடிப்புகளுக்குள் மெழுகுக் குழம்பு அடித்துவிட்டால் கரிசல் சேறு ஏறினாலும் ஒட்டாது.

படி 6: பிரேக்கும் ஸ்டீரிங்கும்

பலரும் எஞ்சினைத்தான் முதலில் ஓடவிடுவார்கள், சத்தம் கேட்டால் உற்சாகம் வரும் என்று. அந்த உற்சாகத்தில் பிரேக் இல்லாத வண்டியைத் தெருவில் இறக்கி ஒரு சுற்று அடிப்பதும் நடக்கும். நிற்கத் தெரிந்த வண்டிதான் ஓடலாம்.

பழைய ஜீப்பின் பிரேக் ஒற்றைச் சுற்று. மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, குழாய்ப் பாதை ஒன்று. நான்கில் ஏதாவது ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கிலும் பிரேக் போய்விடும். அதனால் பாதி மாற்றுவது, பாதி விடுவது என்ற பேச்சே இங்கே கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய், லைனிங் எல்லாமே புதிது. டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கிற தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள். டிரம்மில் விளிம்பு கட்டியிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கலாம். அனுமதித்த அளவைத் தாண்டிக் கடைந்த டிரம் சூட்டில் விரியும், அதை மாற்றிவிடுவதே நல்லது.

காற்று எடுப்பதற்கு ஆள் இரண்டு வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் இருந்து மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும், நம் வலப்பக்க ஸ்டீரிங் வண்டியில் அது இடது பின் சக்கரம். பிறகு வலது பின், இடது முன், கடைசியாக வலது முன். ஒளி ஊடுருவும் குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடல் அடியைத் தொடுமுன் மூட வேண்டும். குழாயில் குமிழ் நிற்கும்வரை இதேதான். நடுவில் மேலே ஆயில் தீர்ந்துபோனால் திரும்ப முதலிலிருந்து. திறந்து வைத்த பழைய பிரேக் ஆயில் டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கும், சூட்டில் ஆவியாகிப் பெடல் பஞ்சாகிவிடும்.

ஸ்டீரிங்கைத் திருப்பாமல் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். சக்கரம் அசையாமல் கையளவு ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட், டிராக் லிங்க், கிங் பின் புஷ், ஸ்டீரிங் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பெட்டியின் திருகை இறுக்கிவிட்டு ஆட்டம் போய்விட்டது என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். தேய்ந்தது தேய்ந்ததுதான்.

டயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜீப்புக்குப் பெரும்பாலும் 6.00-16, டியூப் டயர். நம் காட்டுப் பாதையில் சீமைக்கருவேல முள் இல்லாத இடம் ஏது? பஞ்சர் ஒட்டும்போது டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால், டயருக்குள் ஒடிந்து நிற்கும் முள் நுனி மறுநாளே திரும்பக் குத்தும். டயரின் உள்பக்கம் முழுவதும் ஒரு பழைய நைலான் துணியை மெல்லத் தேய்த்துக்கொண்டே போங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள். குறடால் பிடுங்கிவிட்டுப் புது டியூபைப் போடுங்கள்.

படி 7: எஞ்சின்

பல வருடம் நின்ற எஞ்சினை உடனே சாவி போட்டுச் சுற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி (டீசலில் ஹீட்டர் பிளக்கை) ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். பழைய ஜீப்புக்கு முன்பக்க ஹேண்டில் உண்டு. அதைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள், சுற்றி மடக்கிப் பிடிக்காதீர்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மடக்கிய கட்டைவிரல் முறிந்துவிடும். அந்தக் காலத்து டிரைவர்கள் பழகும்போது முதலில் கற்றதே இதைத்தான்.

சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷனை அளந்து பாருங்கள். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால், கொஞ்சம் குறைவாகவே இருந்தாலும், ஓட்டிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம்; ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஹரிகேன் எஞ்சினில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். ஹெட்டை மட்டும் பார்த்துவிட்டு வால்வு சரி என்று சொன்னவரிடம் மற்ற பாதியையும் கேளுங்கள். டீசலில் பம்பையும் நாசிலையும் கலிபரேஷன் பெஞ்ச் உள்ள கடையில் கொடுங்கள், வீட்டில் பிரிக்காதீர்கள். லேத் வேலை எதையும் அளவு எழுதி வாங்கிக்கொண்டே செய்யுங்கள். ரீபோர் எத்தனை ஓவர்சைஸ், கிராங்க் எத்தனை அண்டர்சைஸ் என்பது பில்லில் இருக்க வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்காரருக்கு இப்போது புதிதாக ஒரு தலைவலி. பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், டயப்ரம், கார்புரேட்டர் வாஷர்களை அது ஊற வைத்துக் கரைக்கும். எத்தனால் தாங்கும் ரகமாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை வடித்துவிடுங்கள்.

ரேடியேட்டருக்கு வருவோம். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை வீட்டுக் குடத்தின் வெள்ளைப் பொருக்கே காட்டும். அதே பொருக்கு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் எஞ்சின் தண்ணீர் அறைக்குள்ளும் படியும். நம் வெயிலில் வண்டி சூடாவதற்குப் பாதிக் காரணம் அதுதான். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல், கீழ் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறார்கள். பூட்டியபின் காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், அல்லது பிடித்து வைத்த மழைநீரில். சூடான மூடியைத் திறக்காதீர்கள் என்பது தெரிந்ததுதான், இருந்தாலும் வருடா வருடம் யாராவது கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

படி 8: ஒயரிங்

பழைய ஒயரை ஒட்டுப் போடாமல் மொத்தமாக மாற்றுங்கள். எலி கடித்ததும், ஒட்டுப்போட்ட இடம் சூடாவதும்தான் பழைய வண்டி தீப்பிடிக்க வழி. ஹெட்லைட்டுக்கு ரிலே வையுங்கள். ஏழு அங்குல வட்ட லைட்டில் 60/55 வாட் பல்பு போட்டு, பேட்டரியிலிருந்து நேராகக் கனமான ஒயர் கொடுத்தாலே வெளிச்சம் வேறு வண்டி போலத் தெரியும். ஒவ்வொரு பாதைக்கும் ஃப்யூஸ் தனித்தனி.

படி 9: டிங்கரிங், பெயின்ட்

பட்டி என்பது தகரத்தின் சின்ன அலையைச் சமன் செய்ய, ஓட்டையை அடைக்க அல்ல. 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி ஏறினால் கரிசல் பாதையின் குலுக்கலில் பாளம் பாளமாக உதிரும். தகரத்தைச் சுத்தியலும் அடிக்கட்டையும் வைத்துத் தட்டி நிமிர்த்தத் தெரிந்த வயதான டிங்கர் ஒருவர் ஊரில் இருந்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பெயின்ட்டுக்குக் காலம் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் வெளியில் அடித்தால் புது பெயின்ட்டின் மேல் கரிசல் தூசி முழுக்க உட்கார்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஈரமாக இருக்கும், பெயின்ட் வெளிறிப் பூக்கும். தை, மாசிதான் தோது. கொட்டகையின் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, காற்று எழும்புமுன் காலையில் அடியுங்கள். பி.யூ. பெயின்ட் என்றால் அதில் கலக்கும் ஹார்ட்னர் நுரையீரலுக்கு ஆகாது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை வேண்டாம், வடிகட்டி வைத்த முகமூடி போடுங்கள்.

நிறமும் ஆர்.சி.யில் இருக்கும் விவரம்தான். மாற்றுவதானால் அலுவலகத்தில் சொல்லிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். கதவுக்கு உள்பக்கம், டேஷ் போர்டுக்குப் பின்னால் சுரண்டிப் பார்த்தால் கம்பெனி அடித்த முதல் நிறம் கிடைக்கும். எனக்கு அந்த நிறத்தையே திரும்ப அடிப்பதில்தான் விருப்பம். மெட்டாலிக் நீலத்தில் மினுங்கும் ஜீப் பிக்கப் எனக்கு ஒட்டவில்லை, உங்களுக்குப் பிடித்தால் தடையில்லை.

படி 10: உங்கள் ருசிக்கு

ஆர்.சி. விவரத்தைத் தொடாமல் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது. தொட்டியின் தரைக்கு மரப்பலகை போடலாம். வண்டிச் சக்கரம் செய்த நாட்டுக்கருவேல் கிடைத்தால் அதை மிஞ்ச எதுவுமில்லை, இல்லாவிட்டால் வேம்பு. பலகைக்கு நடுவே விரற்கடை இடைவெளி விடுங்கள், தண்ணீர் வடியட்டும். தொட்டி ஓரத்தில் கயிறு கட்டும் வளையங்களைப் பெருக்கலாம். சீட்டைப் புதிதாகத் தைக்கலாம்; ரெக்சினை விடக் கனத்த பருத்தித் துணி நம் வெயிலுக்கு ஏற்றது. மூன்று புள்ளி சீட் பெல்ட் கட்டாயம் சேருங்கள். கேபின் கூரைக்கு உள்ளே சூடு தடுக்கும் அட்டை ஒட்டினால் மதியம் ஓட்ட முடியும்.

வேண்டாதவை: முன்னால் வைக்கும் இரும்புக் கம்பிக் காப்பு, அது 2017 டிசம்பரிலிருந்து தடை. பல தொனி ஹாரன், அதுவும் கூடாது. எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. பட்டை. மட்கார்டுக்கு வெளியே நீளும் அகல டயர், அது ஸ்டீரிங்கையும் வீல் பேரிங்கையும் சேர்த்தே தின்னும்.

படி 11: எஃப்.சி.யும் முதல் ஓட்டமும்

எஃப்.சி.க்குப் போகுமுன் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஒளிர்ப் பட்டை, கண்ணாடி, புகை என்று நீங்களே ஒருமுறை சோதித்துவிடுங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று கையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை மறப்பவர்கள் அதிகம், சோதிப்பவர் மறப்பதில்லை.

முதல் சில நூறு கிலோமீட்டர் லோடு இல்லாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். எஞ்சின் வேலை பார்த்திருந்தால் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அப்போதே ஸ்பிரிங்கின் யூ போல்ட், சக்கர நட்டு, பாடி போல்ட் எல்லாவற்றையும் திரும்ப இறுக்குங்கள். முதல் வாரத்தில் எல்லாமே கொஞ்சம் தளரும். பழைய மூன்று கியர் பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. வண்டி நின்றபின் போடுங்கள், இல்லையென்றால் பல் கத்தும்.

செலவைப் பற்றி யாரும் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள். வண்டி வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்காவது தனியே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கையில் காசு குறைந்தால் பெயின்ட்டை அடுத்த தைக்குத் தள்ளலாம், பிரேக்கைத் தள்ளக் கூடாது.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய பழைய உறுப்புகளை, தேய்ந்த ஸ்டீரிங் பெட்டியாக இருந்தாலும் உடைந்த கதவுக் கைப்பிடியாக இருந்தாலும், எடைக்குப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் பூசி ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். பக்கத்து ஊரில் அதே மாடல் வண்டியை வைத்துக்கொண்டு அந்தக் கைப்பிடிக்காகப் புதுப்பேட்டைவரை போகத் தயாராக ஒருவர் இருப்பார். நல்ல விலை சொல்லியே அவரிடம் விற்றுவிடுங்கள்.